பழைய டீசல் வண்டிக்குப் புது டர்போ: ஒரு நூறு வருடக் கதை

போன தடவை பணவீக்கம் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு "நல்லா தூக்கம் வந்துச்சுடா" என்று பாராட்டிய வகுப்புத் தோழர்களுக்காக, இந்த முறை கொஞ்சம் சத்தம் போடுகிற விஷயம். டர்போசார்ஜர்.

பி.காம் படிக்கிறவனுக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பள்ளியில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் இப்போது மெக்கானிக்கல் படிக்கிறான். விடுமுறையில் வந்தபோது ஒரு வீடியோ காட்டினான். அமெரிக்காவில் ஒரு மனிதர், 1995 மாடல் டாட்ஜ் ராம் பிக்கப் டிரக்கின் எஞ்சினிலிருந்து டர்போவைக் கழற்றிவிட்டு, 2008 மாடல் வண்டி ஒன்றிலிருந்து எடுத்த டர்போவை மாட்டிக்கொண்டிருந்தார். அளவு பொருந்தவில்லை, குழாய் சேரவில்லை, வயரை எங்கே கொடுப்பது என்றும் தெரியவில்லை. ஆனாலும் மனிதர் விடவில்லை.

"ஏன்டா இவ்வளவு கஷ்டப்படறார்?" என்றேன்.

"அது வேரியபிள் ஜியாமெட்ரி டர்போடா."

"அதனால?"

பயல் முழித்தான். மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல்! :-) சரி, நாமே படித்துக்கொள்வோம் என்று உட்கார்ந்ததில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. எஞ்சின் பாடத்தைத் தேடிப் போனேன். கிடைத்ததில் பாதி கணக்குப் பாடமும் சட்டப் பாடமுமாக இருந்தது.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் ப்ராசஸ் காஸ்டிங் நடத்தும்போது 'நார்மல் லாஸ்' என்று ஒன்று வரும், ஞாபகம் இருக்கிறதா? உற்பத்தியில் தவிர்க்க முடியாமல் வீணாகும் பங்கு. எஞ்சினிலும் அப்படி ஒன்று உண்டு. நாம் ஊற்றுகிற டீசலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்கரத்தைச் சுற்றுவதற்கே போகாமல், சைலன்சர் வழியாகச் சூடான புகையாக வெளியே போய்விடுகிறது. இன்னொரு பெரிய பங்கு ரேடியேட்டரில் போகிறது. இந்தப் புகையை ஸ்கிராப் மாதிரி விற்றுக் காசாக்க முடியுமா என்று முதலில் யோசித்தவர் ஆல்ஃபிரட் பியூக்கி என்ற சுவிட்சர்லாந்துக்காரர். 1879ல் விண்டர்தூர் நகரத்தில் பிறந்தவர். 1905ல் அவர் வாங்கிய காப்புரிமையில், காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸர், பிஸ்டன் எஞ்சின், அதன் புகையால் சுற்றும் டர்பைன் மூன்றையும் ஒரே ஏற்பாடாக இணைத்திருந்தார்.

யோசனை எளிமையானது. வெளியே போகிற புகை ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு காற்றாடி. அது வெளிக்காற்றை இழுத்து அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். காற்று அதிகம் போனால் அதிக டீசலை எரிக்கலாம். அதே அளவு எஞ்சினில் அதிக சக்தி.

எளிமையான யோசனைதான், ஆனால் செய்து காட்ட இருபது வருஷம் ஆனது. அவ்வளவு சூட்டையும் வேகத்தையும் தாங்கும் உலோகம் அன்றைக்கு இல்லை. 1925ல்தான் பியூக்கிக்கு முழு வெற்றி கிடைத்தது. அடுத்த வருஷமே ஜெர்மனியின் 'பிராய்சன்', 'ஹான்சஸ்டாட் டான்சிக்' என்ற இரண்டு பயணிகள் கப்பல்களில் அவருடைய முறை பொருத்தப்பட்டது. பத்து சிலிண்டர் டீசல் எஞ்சின்களின் சக்தி 1,750 குதிரைத்திறனிலிருந்து 2,500 ஆக உயர்ந்தது. எஞ்சின் அளவு கூடாமல் நாற்பது சதவீதத்துக்கு மேல் லாபம்! இப்படி ஒரு ரேஷியோவை எந்தக் கம்பெனி காட்டினாலும் ஷேர் விலை பறக்கும்.

இதற்கு நடுவில் விமானக்காரர்கள் வேறு காரணத்துக்காக இதே பொருளைப் பிடித்துக்கொண்டார்கள். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது, எஞ்சின் மூச்சு வாங்குகிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரான்ஸில் அகுஸ்த் ராத்தோ இதில் வேலை செய்தார். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்ட் மாஸ் 1918ல் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. விமானத்தில் ஏற்றிச் சோதிக்க முடியாததால், லிபர்ட்டி எஞ்சினை ஒரு லாரியில் கட்டி, கொலராடோவில் 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்கு ஏற்றிக்கொண்டு போனார். சமதளத்தில் 350 குதிரைத்திறன் கொடுத்த எஞ்சின் அங்கே டர்போ இல்லாமல் 230 தான் கொடுத்தது. டர்போவோடு 356. மலை உச்சியில் தரையை விட அதிகம்! இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் இந்த வழியில் வந்த டர்போக்கள்தான் இருந்தன.

கப்பலுக்கு வந்தாயிற்று, விமானத்துக்கும் வந்தாயிற்று. லாரிக்கு?

சுவிட்சர்லாந்தின் சாரர் நிறுவனம் 1938ல் லாரிக்கான டர்போ எஞ்சினைச் செய்தது. ஆனால் போர் முடிந்து 1950கள் வரும்வரை அது பரவவில்லை. 1954ல் வால்வோ தன் டைட்டன் லாரிக்கு டர்போ கொடுத்தபோது 150 குதிரைத்திறன் எஞ்சின் 185 ஆனது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு நடந்த ஒரு கூத்தைச் சொல்லாமல் போக முடியாது.

1952, இண்டியானாபொலிஸ் 500 கார் பந்தயம். அமெரிக்காவின் மிகப் பெரிய பந்தயம். அதில் கம்மின்ஸ் என்ற லாரி எஞ்சின் கம்பெனி ஒரு டீசல் காரைக் கொண்டுவந்து நிறுத்தியது. லாரி எஞ்சின்! 6.6 லிட்டர். உயரம் குறையட்டும் என்று எஞ்சினைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, டர்போ மாட்டியிருந்தார்கள். ஃப்ரெட் அகபாஷியன் என்ற ஓட்டுநர் தகுதிச் சுற்றில் மணிக்கு 138 மைல் வேகத்தில் ஓட்டி முதல் இடத்தைப் பிடித்துவிட்டார். பெட்ரோல் பந்தயக் கார்கள் எல்லாம் பின்னால். பந்தயத்தன்று 71 சுற்றோடு கதை முடிந்தது. காற்றை இழுக்கும் வாய் காரின் முன்னால் தாழ்வாக இருந்தது. பந்தயப் பாதையில் பறந்த டயர் ரப்பர் துணுக்குகளை அது உறிஞ்சி உறிஞ்சி, டர்போ அடைத்துக்கொண்டது. தோற்றுப்போன கார்தான். ஆனால் டர்போ டீசலின் சக்தியை அதை விடப் பெரிய கூட்டத்துக்கு முன்னால் யாரும் காட்டியிருக்க முடியாது. கம்மின்ஸ் பெயர் நம் கதையில் மறுபடியும் மறுபடியும் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான சிக்கலுக்கு வருவோம். இது புரிந்தால்தான் அந்த 1995 டிரக்காரர் ஏன் கஷ்டப்பட்டார் என்று புரியும்.

வீட்டில் செடிக்குத் தண்ணீர் விடும்போது ஹோஸ் பைப்பின் வாயை விரலால் பாதி மூடிப் பாருங்கள். கொஞ்சம் தண்ணீரே வந்தாலும் பீய்ச்சி அடிக்கும். அதே விரலை வைத்துக்கொண்டு குழாயை முழுசாகத் திறந்தால், தண்ணீர் போக வழியில்லாமல் பைப் உப்பும், சில சமயம் குழாயிலிருந்தே கழன்றுவிடும். டர்போவில் புகை டர்பைனுக்குள் நுழைகிற வாயும் இப்படித்தான். வாய் சிறியதாக இருந்தால் எஞ்சின் மெதுவாக ஓடும்போதே, கொஞ்சம் புகையே வந்தாலும், காற்றாடி சுறுசுறுப்பாகச் சுற்றும். ஆனால் முழு வேகத்தில் புகை போக வழியில்லாமல் எஞ்சினுக்கே மூச்சு முட்டும். வாய் பெரியதாக இருந்தால் முழு வேகத்தில் அருமை. ஆனால் கிளம்பும்போது காற்றாடி எழும்பவே நேரமாகும். டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தும் வண்டி யோசித்துக்கொண்டிருக்கும். டீசல் உள்ளே போகிறது, காற்று போதவில்லை, எனவே கறுப்புப் புகை. பின்னால் பைக்கில் வருகிற நாம் அதைக் குடிக்கிறோம்.

ஆக, டர்போ செய்கிற கம்பெனி முன்கூட்டியே ஒரு அளவைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆகவேண்டும். அந்த ஒரே அளவு வண்டியின் ஆயுள் முழுக்க. ஒரு நடுவழி கண்டுபிடித்தார்கள், அதன் பெயர் வேஸ்ட்கேட். சின்ன வாயாகவே வைத்துவிட்டு, புகை அதிகமாகும்போது ஒரு சின்னக் கதவைத் திறந்து மிச்சத்தை டர்பைனுக்குள் போகாமல் வெளியே விட்டுவிடுவது. வேலை செய்கிறது, மலிவு. பியூக்கி காசாக்கப் பார்த்த கழிவில் ஒரு பகுதியை மறுபடி கழிவாகவே வெளியே விடுகிறோம், அவ்வளவுதான். பெயரிலேயே 'வேஸ்ட்' இருக்கிறது பாருங்கள்.

அந்த வாயின் அளவையே ஓடும்போது மாற்ற முடிந்தால்? ஹோஸில் விரலை வேண்டியபோது அழுத்தி, வேண்டாதபோது எடுப்பது போல? இதுதான் வேரியபிள் ஜியாமெட்ரி. இதைச் செய்ய இரண்டு வழிகள் பரவின. ஒன்று, டர்பைனைச் சுற்றி வட்டமாகச் சின்னச் சின்னத் தகடுகளை வைத்து, ஜன்னல் பிளைண்ட் போல எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருப்புவது. கேரட் நிறுவனத்தின் பெரும்பாலான டர்போக்கள் இப்படி. இரண்டாவது, தகடுகளைத் திருப்பாமல், அவை பொருத்திய வளையத்தையே முன்னும் பின்னும் நகர்த்தி வழியைக் குறுக்குவது. இது ஹோல்செட் வழி. தகடு ஒவ்வொன்றும் தனியாக அசைய வேண்டியதில்லை என்பதால், வருஷக்கணக்காகக் கரி பிடித்து ஓடும் லாரிக்கு இது கொஞ்சம் முரட்டுத்தனமான, நல்ல ஏற்பாடு.

ஹோல்செட் இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியின் ஹடர்ஸ்ஃபீல்ட் ஊரில் 1952ல் தொடங்கிய கம்பெனி. ஹோம்ஸ், குரோசெட் என்ற இரண்டு பெயர்களின் பாதிகளை ஒட்டவைத்து ஹோல்செட். 1973ல் அதை வாங்கியது யார் தெரியுமா? நம்ம கம்மின்ஸ்தான். பந்தயத்தில் டர்போ அடைத்துக்கொண்ட அதே கம்மின்ஸ், டர்போ கம்பெனியையே வாங்கிவிட்டது. கார்ப்பரேட் அக்கவுண்டிங்கில் அப்சார்ப்ஷன் கணக்கு போடும்போதெல்லாம் இனி எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

மாறும் வாய் கொண்ட டர்போ முதலில் கார்களுக்குத்தான் வந்தது. 1988ல் ஜப்பானில் ஹோண்டா லெஜண்ட், 1989ல் அமெரிக்காவில் 500 மட்டுமே செய்யப்பட்ட ஷெல்பி சி.எஸ்.எக்ஸ். இரண்டும் பெட்ரோல், இரண்டும் நிலைக்கவில்லை. பெட்ரோல் எஞ்சினின் புகை டீசலை விட இரண்டு மூன்று நூறு டிகிரி வரை அதிகச் சூடு. அசையும் சின்னப் பாகங்கள் அந்தச் சூட்டில் நிலைப்பது கஷ்டம். டீசல் புகை குளிர்ச்சி என்பதால் (இங்கே குளிர்ச்சி என்றால் 800 டிகிரி செல்சியஸ்!) 1991ல் ஃபியட் குரோமா, பிறகு 90களின் நடுவில் ஃபோக்ஸ்வாகன் டி.டி.ஐ என்று ஐரோப்பிய டீசல் கார்களில் பரவியது. 1998ல் இவெகோவின் கர்சர் எஞ்சின் மூலம் ஹோல்செட்டின் நகரும் வளையம் பெரிய லாரிக்கும் வந்துவிட்டது.

அப்புறம் என்ன, எல்லா லாரிக்காரர்களும் ஓடி வந்து வாங்கினார்களா? இல்லை. விலை அதிகம், அசையும் பாகம் அதிகம், ரிப்பேர் பயம். நல்ல சரக்குக்கு டிமாண்ட் இல்லை. அந்த டிமாண்டை உருவாக்கியது சந்தை அல்ல, ஒரு வழக்கு.

1998 அக்டோபரில் அமெரிக்க அரசு ஏழு டீசல் எஞ்சின் கம்பெனிகளோடு ஓர் உடன்பாட்டை அறிவித்தது. காட்டர்பில்லர், கம்மின்ஸ், டெட்ராய்ட் டீசல், மாக், நாவிஸ்டார், ரெனோ, வால்வோ. குற்றச்சாட்டு என்ன? எஞ்சின் கம்ப்யூட்டரில் ஒரு தந்திரம். ஆய்வகச் சோதனையில் ஓடும்போது புகை சுத்தமாக இருக்கும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடும்போது கம்ப்யூட்டர் டீசல் தெளிக்கும் நேரத்தை மாற்றிவிடும். மைலேஜ் கூடும், கூடவே நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் அளவுக்கு மேல் கூடும். மைலேஜுக்குத்தான் லாரி முதலாளி காசு கொடுக்கிறார், காற்றுக்கு யாரும் பில் போடுவதில்லை. எகனாமிக்ஸில் 'எக்ஸ்டர்னாலிட்டி' என்று ஐந்து மார்க் கேள்வியாகப் படித்தோமே, அது இதுதான். கம்பெனிகள் 8 கோடியே 34 லட்சம் டாலர் அபராதம் கட்டின, உடன்பாட்டின் மொத்தச் செலவு 100 கோடி டாலரைத் தாண்டியது. அதோடு, 2004ல் வரவேண்டிய புகை விதியை 2002 அக்டோபரிலேயே நிறைவேற்ற வேண்டும் என்ற நிபந்தனை.

இங்கேதான் வேரியபிள் டர்போவுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. நைட்ரஜன் ஆக்ஸைடு குறையவேண்டுமானால் சிலிண்டருக்குள் எரியும் சூடு குறையவேண்டும். அதற்கு ஒரு வழி, வெளியே போகிற புகையில் கொஞ்சத்தை எடுத்துக் குளிரவைத்து, மறுபடியும் எஞ்சினுக்குள்ளேயே விடுவது. இதன் பெயர் ஈ.ஜி.ஆர். ஆனால் டர்போ எஞ்சினில் உள்ளே வரும் காற்று ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கிறது. புகையை அதற்குள் தள்ள வேண்டுமென்றால் புகையின் அழுத்தம் அதை விட அதிகமாக இருக்கவேண்டும். நல்ல எஞ்சின்காரர் யாரும் விரும்பாத நிலைமை அது! வேண்டுமென்றே புகை போகும் வழியை நெருக்கி அழுத்தத்தை ஏற்றவேண்டும். எவ்வளவு நெருக்குவது என்பது நொடிக்கு நொடி மாறும். இந்த வேலையைச் செய்யக்கூடிய பொருள் ஒன்று ஏற்கெனவே இருந்ததே, வாயை வேண்டியபோது குறுக்கும் டர்போ.

ஆக டிரைவருக்குச் சுறுசுறுப்பு கொடுப்பதற்காகக் கனவு கண்ட பொருள், அமெரிக்க லாரிக்குள் நுழைந்தது புகையை மூச்சு முட்டவைக்கும் வேலைக்காரனாக. 2002ல் கம்மின்ஸ் தன் பெரிய எஞ்சின்களை ஈ.ஜி.ஆர், வேரியபிள் டர்போ இரண்டோடும் கொண்டுவந்தது. லாரி முதலாளிகள் என்ன செய்தார்கள் என்பது இன்னும் சுவாரஸ்யம். அக்டோபருக்கு முன்பே பழைய எஞ்சின் லாரிகளை அடித்துப்பிடித்து வாங்கிக் குவித்தார்கள். பிறகு விற்பனை படுத்துவிட்டது. பட்ஜெட்டுக்கு முந்தின நாள் பெட்ரோல் பங்க்கில் நிற்கிற க்யூவை நினைத்துக்கொள்ளுங்கள்.

(இதற்கு ஒரு பின்குறிப்பு உண்டு. 2023 டிசம்பரில் கம்மின்ஸ் மறுபடியும் மாட்டியது. ராம் பிக்கப் டிரக்குகளின் எஞ்சினில் புகை விதியை ஏமாற்றும் ஏற்பாடு இருந்ததாக வந்த குற்றச்சாட்டைத் தீர்க்க 167 கோடியே 50 லட்சம் டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது. அமெரிக்கக் காற்றுத் தூய்மைச் சட்டத்தில் அதுவரை யாரும் கட்டாத தொகை. 1998ல் ஏழு பேர் சேர்ந்து கட்டிய அபராதத்தைப் போல் இருபது மடங்கு. கம்பெனி தான் தப்பு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை.)

பிக்கப் டிரக் என்றதும் நம் வீடியோ மனிதரிடம் திரும்பிப் போவோம். டாட்ஜ் கம்பெனி 1989 மாடலில் தன் ராம் டிரக்குக்குக் கம்மின்ஸின் 5.9 லிட்டர் எஞ்சினைப் போட்டது. ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வால்வு, ஆகமொத்தம் '12 வால்வு' என்று செல்லப்பெயர். 1994 முதல் 1998 வரை வந்ததில் பாஷ் நிறுவனத்தின் பி7100 டீசல் பம்ப் இருந்தது. முழுக்க மெக்கானிக்கல். கம்ப்யூட்டர் கிடையாது. பேட்டரி ஒயரில் ஒன்றைக் கொடுத்து டீசல் வழியைத் திறந்துவிட்டால் போதும், ஓடிக்கொண்டே இருக்கும். சக்தி என்று பார்த்தால் 1995ல் 160, 175 குதிரைத்திறன் தான். ஆனால் ஆயுள் கெட்டி. பல லட்சம் மைல் ஓடியும் விற்க மனசு வராமல் வைத்திருக்கிறார்கள். இந்த பி வரிசை எஞ்சின் நமக்கும் சொந்தக்காரன்தான். 1993ல் டாடாவும் கம்மின்ஸும் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் தொடங்கிய கம்பெனியில் இதே 5.9 லிட்டர் குடும்பம்தான் தயாராகி டாடா லாரிகளுக்குப் போனது. பைபாஸில் நம்மை முந்திப்போன எத்தனையோ லாரிகளின் இதயம் இது.

அந்த டாட்ஜ் பரம்பரையிலேயே 2007ன் நடுவில் 6.7 லிட்டர் எஞ்சின் வந்தது. 350 குதிரைத்திறன். அதோடு ஹோல்செட்டின் ஹெச்.இ.351.வி.இ என்ற வேரியபிள் டர்போ. ஈ.ஜி.ஆருக்கு உதவுவது அதன் ஒரு வேலை. இன்னொரு வேலையும் கொடுத்தார்கள். மலை இறங்கும்போது வளையத்தை ஏறக்குறைய முழுசாக மூடினால் புகை வெளியேற முடியாமல் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நம்ம ஊர் லாரிக்காரர்களுக்குத் தெரிந்த எக்ஸாஸ்ட் பிரேக். தனியாக ஒரு வால்வு வேண்டாம், டர்போவே பிரேக்.

வருஷங்கள் ஓடின. அந்த 6.7 வண்டிகள் விபத்தில் நொறுங்கின, சிலவற்றில் கரி படிந்து வளையம் சிக்கிக்கொண்டது, டர்போவை மாற்றினார்கள். கழற்றியவை காயலான் கடைகளுக்கு வந்தன. 12 வால்வு வைத்திருந்தவர்கள் அங்கேதான் அதைப் பார்த்தார்கள். டிரெய்லரை இழுத்துக்கொண்டு மேட்டில் கிளம்பும்போது கறுப்புப் புகை கக்கும் தங்கள் வண்டிக்கு, கிளம்பும்போது சின்ன வாயும் ஓடும்போது பெரிய வாயும் தரும் டர்போ. இலவச இணைப்பாக எக்ஸாஸ்ட் பிரேக். புது டிரக் வாங்க வேண்டிய பணத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லாத விலை.

ஆனால் மாட்டுவது லேசான வேலை இல்லை என்று வீடியோவிலேயே பார்த்தேன். பழைய டர்போவைக் கழற்றுவது அரை நாள் வேலை. புதியது அங்கே அப்படியே உட்காராது. வெளியேறும் பக்கத்தின் வடிவமே வேறு, சைலன்சருக்குப் போகும் குழாயைப் புதிதாக வெட்டி வெல்டிங் வைக்கவேண்டும். இன்டர்கூலருக்குப் போகும் காற்றுக் குழாயும் அப்படியே. ஆயில் வரும் வழி, திரும்பும் வழி இரண்டையும் செய்யவேண்டும். கூடவே பழைய டர்போவுக்குத் தேவைப்படாத ஒன்று, ரேடியேட்டர் தண்ணீர். வளையத்தை நகர்த்தும் மின்மோட்டார் அந்தச் சூட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால், தண்ணீர் ஓடாவிட்டால் வெந்துவிடும்.

இதெல்லாம் கையால் செய்கிற வேலை, எப்படியோ முடித்துவிடலாம். பெரிய கேள்வி வேறு. அந்த மோட்டாருக்கு யார் உத்தரவு கொடுப்பது? 2008 வண்டியில் எஞ்சின் கம்ப்யூட்டர் கேன் பஸ் என்ற ஒயர் வழியாக "இவ்வளவு மூடு, இவ்வளவு திற" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். 1995 வண்டியில் சொல்வதற்கு ஆளே இல்லை. மோட்டாரைக் கழற்றிப் புதிதாக மாட்டினாலும் முழுசாக மூடிய இடம் எது, திறந்த இடம் எது என்று அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

இதற்கு ஆளுக்கொரு வழி. அர்டுயினோ போன்ற சின்ன சர்க்யூட் போர்டை வைத்து, கம்ப்யூட்டர் பேசும் அந்த மொழியைத் தாங்களே கண்டுபிடித்து உத்தரவு அனுப்பியவர்கள் உண்டு. ஆக்ஸிலேட்டர் எவ்வளவு மிதித்திருக்கிறது, எஞ்சின் சுற்று எவ்வளவு, பூஸ்ட் எவ்வளவு என்று பார்த்து அது முடிவு செய்யும். பிறகு இதையே பெட்டியாகச் செய்து விற்கவும் தொடங்கினார்கள். இன்னொரு கூட்டம் மின்மோட்டாரையே தூக்கிப்போட்டுவிட்டு, காற்றழுத்தத்தில் நகரும் ஒரு தள்ளுகோலை வைத்தது. பூஸ்ட் ஏற ஏறத் தானாகத் திறக்கும். துல்லியம் குறைவு, ஆனால் கெடுவதற்கு எதுவும் இல்லை.

தப்பாகச் செய்தால் என்ன ஆகும்? வளையத்தை அளவுக்கு மேல் மூடிக்கொண்டு முழு வேகத்தில் போனால், நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற அந்தத் தண்டு எல்லை தாண்டும். எஞ்சின் பக்கம் புகையின் அழுத்தம் ஏறி ஹெட் கேஸ்கட் போகலாம். எக்ஸாஸ்ட் பிரேக்காகப் பயன்படுத்தினால் இன்னொரு ஆபத்து. பழைய 12 வால்வு எஞ்சினின் எக்ஸாஸ்ட் வால்வு ஸ்பிரிங் அவ்வளவு எதிர் அழுத்தத்துக்காகச் செய்ததில்லை. அழுத்தம் ஏறினால் மூடியிருக்க வேண்டிய வால்வைப் புகையே தள்ளித் திறந்துவிடும், பிஸ்டன் வந்து அதை முட்டும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் 60 பவுண்டு ஸ்பிரிங்குகளை மாற்றிவிட்டுத்தான் பிரேக்கைத் தொடுவார்கள். டாஷ்போர்டில் கூடுதலாக இரண்டு மீட்டர்களும் வைப்பார்கள், ஒன்று புகையின் சூட்டுக்கு, ஒன்று அதன் அழுத்தத்துக்கு. சூடு 1,250 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி நின்றால் அலுமினிய பிஸ்டனுக்கு ஆகாது, காலை எடுக்கவேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், இந்த வேலையில் எனக்குப் பிடித்தது கூடுதல் குதிரைத்திறன் இல்லை. அதே ஊரில், அதே வகை டிரக்கில், வேண்டுமென்றே டீசலைக் கொட்டிக் கறுப்புப் புகை கக்கவைத்துப் பின்னால் வருகிறவன் முகத்தில் விட்டுச் சிரிக்கிற கூட்டமும் இருக்கிறது. அதற்கும் பணம் செலவழிக்கிறார்கள். டர்போவை மாற்றுகிறவர் அதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறார். அவருக்குப் புகை என்றால் எரியாமல் வீணாய்ப்போன டீசல், தன் காசு. சுற்றுச்சூழல் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. புகை விதியே பிடிக்காதவராகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த விதி இல்லாவிட்டால் அவர் கையில் இருந்த டர்போவை அந்த வண்டிக்கு யாரும் செய்தே இருக்க மாட்டார்கள். 1998ல் கோர்ட்டில் போட்ட கையெழுத்து ஒன்று சுற்றிச் சுற்றி வந்து காயலான் கடை வழியாக ஒரு பழைய டிரக்கின் புகையைக் குறைக்கிறது. எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் இது வராது.

வீடியோவின் கடைசியில் நண்பனும் நானும் இரண்டு தடவை திருப்பிப் போட்டுப் பார்த்த ஒரு காட்சி. அந்த மனிதர் சர்க்யூட் போர்டும் வைக்கவில்லை, காற்றழுத்தக் கோலும் வைக்கவில்லை. ஒரு சாதாரண சோக் கேபிளை வாங்கி, ஒரு முனையை டர்போவின் லீவரில் மாட்டி, மறுமுனைக் குமிழை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். கிளம்பும்போது இழுக்கிறார், மீட்டரைப் பார்க்கிறார், வேகம் ஏற ஏறக் குமிழை விரலால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுகிறார். பின்னால் கண்ணாடியில் சாலை தெளிவாகத் தெரிகிறது. இறக்கம் வந்ததும் மறுபடி இழுக்கிறார், எஞ்சின் உறுமிக்கொண்டே வண்டியைப் பிடிக்கிறது.

"கம்ப்யூட்டர் வேலையை இவரே பார்க்கறார்டா" என்றான் நண்பன். இது மட்டும் கரெக்டாகச் சொன்னான். :-)